சாப்பாட்டுக்குப் பிறகு கலியாணம்

இரண்டாம் தடவை கலியாணம் செய்யப்போகிறேன் என்று சொன்னபோது, என் அக்கா மாப்பிள்ளையைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. "எங்க வைச்சுச் செய்யப்போறாய்?" என்றுதான் கேட்டாள்.

"இஞ்சதான் அக்கா. எங்கட பங்குக் கோயில்ல."

தேங்காய் திருவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். "அப்ப விடியக்காலமைப் பூசையோட முடிச்சிடு. ரெண்டு சாட்சி, வீட்டாக்கள் நாலு பேர். காணும். காசும் மிச்சம்."

யாழ்ப்பாணத் தீவுப்பக்கத்து நாரந்தனையில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் இடையில் ஒரு வேலிதான். அக்கா சொல்வதைக் கேட்டுத்தான் நான் பாதி வாழ்க்கையை நடத்தியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் கேட்காமல் எழும்பி வந்துவிட்டேன்.

நான் முன்பள்ளி ஆசிரியை. மாதம் முடியக் கிடைப்பதைச் சம்பளம் என்று எவரும் சொல்வதில்லை. ‘கொடுப்பனவு’ என்பார்கள். அந்தச் சொல்லே அதன் அளவைச் சொல்லிவிடும். என் முதல் கணவர் தொழிலுக்குக் கடலுக்குப் போனவர், உடலாகத்தான் கரைக்கு வந்தார். மகள் அப்போது ஐந்தாம் வகுப்பு. இப்போது பத்தொன்பது வயது. யாழ்ப்பாணத்தில் கணக்கியல் படிக்கிறாள், தினமும் பஸ்ஸில் போய்வருகிறாள். இடையில் இருந்த வருடங்களை நான் தனியாகத்தான் இழுத்து வந்தேன். இதைப் பெருமைக்கும் சொல்லவில்லை, முறைப்பாடாகவும் சொல்லவில்லை.

மாப்பிள்ளை கடல் தாண்டி நெடுந்தீவில் இருப்பவர். அவரை நான் முதலில் கண்டது, முன்பள்ளிப் பிள்ளைகளை அங்கே சுற்றுலா கூட்டிப்போன அன்று. அவருடைய லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில்தான் பிள்ளைகளை ஏற்றித் தீவைக் காட்டினார். வழியில் ஒரு பிள்ளை வாந்தியெடுத்துவிட்டது. எனக்குப் பெரிய வெட்கமாகப் போய்விட்டது. "இது சாணி ஏத்துற பெட்டி ரீச்சர். உங்களுக்காகத்தான் கழுவி வைச்சனான். இன்னொருக்காக் கழுவினால் போச்சு" என்று சொல்லி, வாளியில் தண்ணீர் அள்ளி ஊற்றினார். பிறகு அந்தப் பிள்ளையைத் தூக்கித் தனக்குப் பக்கத்தில் இருத்திக்கொண்டார்.

அவருக்கு மாடுகள்தான் சீவியம். கடல் அமைதியான மாதங்களில் மீன்பிடிக்கவும் போவார். மூன்று தங்கைமாருக்குச் சீதனம் கொடுத்துக் கரைசேர்த்து முடித்தபோது வயது ஐம்பதைத் தொட்டுவிட்டது. பெண் கேட்டுப் போக ஆளும் இல்லை, கையில் ஒன்றும் இல்லை. மாலையில் மாடுகளைக் கட்டிவிட்டு எனக்கு ஃபோன் எடுப்பார். முதலில் படகு ஓடுகிறதா இல்லையா என்ற கதை. பிறகு எந்த மாடு எவ்வளவு கறந்தது என்ற கதை. ஒருநாள், "இண்டைக்கு என்ன சமைச்சனீர்?" என்று கேட்டார். எத்தனையோ வருடமாக ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. முருங்கையிலைச் சொதி என்று சொல்லிவிட்டு, ஃபோனை வைத்தபிறகு கொஞ்ச நேரம் குசினியில் சும்மா நின்றேன்.

கலியாணம் என்று முடிவானதும் எல்லாரும் எனக்குச் சிக்கனம் சொல்லித்தர வந்தார்கள். எனக்குச் சிக்கனம் தெரியாதாம்! ஆனால் அவர்கள் சொன்ன சிக்கனத்தை எல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒன்று விளங்கியது. கோயில் மணி வேண்டாம், பகல் நேரம் வேண்டாம், ஊரைக் கூப்பிட வேண்டாம், படம் எடுக்க வேண்டாம். வெட்டச் சொன்னவை எல்லாம் ஊரின் கண்ணில் படுகிறவைதான். மணிக்கு என்ன செலவு? வெயிலுக்கு யார் காசு கேட்டார்கள்?

கனடாவில் இருக்கும் அண்ணை அந்தக் கிழமையே கூப்பிட்டார்.

"செலவை நான் தாறன் பிள்ளை. யாழ்ப்பாணத்தில பதிவு எழுத்தை முடிச்சுப்போட்டு, ஒரு ஹோட்டல்ல பத்துப் பேர் சாப்பிடுங்கோ. தாலிக்கொடி மட்டும் பாரமாச் செய். ஒண்டுமில்லாதவனைக் கட்டினவள் எண்டு பேர் வரக்கூடாது. ஆனா முகப்புத்தகத்தில ஒரு படமும் போடவேண்டாம்."

"ஏன் அண்ணை?"

"நாளைக்குப் பிள்ளைக்கு ஒரு சம்பந்தம் வரேக்க, தாய் ரெண்டாந்தரம் முடிச்சவள் எண்டு கதைப்பினம்."

"நான் முடிக்கிறது உண்மைதானே. உண்மையைக் கதைச்சால் கதைக்கட்டும். காசு வேண்டாம் அண்ணை."

"உனக்குத் திமிர்" என்று சொல்லி வைத்துவிட்டார். மறைத்துச் செய்கிற கலியாணத்துக்குப் பாரமான கொடி எதற்கு என்று கேட்க நினைத்திருந்தேன். அதற்கு இடம் தரவில்லை.

அண்ணையின் பேச்சு எனக்குக் குத்தியது மகள் காரணமாகத்தான். அவள் நல்ல பிள்ளை; ஆனால் இந்த விஷயத்தில் எனக்குத் தோள் கொடுக்கவில்லை. அன்று மாலை கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தபோது நானே கேட்டேன்.

"நீ என்ன நினைக்கிறாய்?"

"அவரில எனக்கு ஒரு கோவமும் இல்லையம்மா. கோயிலுக்கு வருவன். படத்துக்கு நிக்கமாட்டன்."

"ஏன்?"

"என்ர கூட்டாளியள் கேப்பினம். என்னால விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க ஏலாது."

வலித்தது. ஆனால் ஒளிக்காமல் சொன்னாள் பாருங்கள், அது எனக்குப் பிடித்திருந்தது. "சரி, நில்லாத" என்றேன். அதற்குமேல் அவளை நான் வற்புறுத்தவில்லை. அவளுக்காகக் கலியாணத்தை ஒளிக்கவும் இல்லை.

கோயிலுக்குப் போனபோது மூப்பர் இருந்தார். கோயில் காரியங்களை எல்லாம் முன்நின்று பார்ப்பவர் அவர்தான். எனக்கு மாமா முறை.

"ரெண்டாங் கலியாணத்துக்கு மணி அடிக்கிற வழக்கம் இல்லைப் பிள்ளை."

"எங்க எழுதிக் கிடக்கு மாமா?"

"எழுதிக் கிடக்கத் தேவையில்லை. வழக்கம்."

"என்ர மனுசன்ர பிரேதம் வந்தண்டைக்கு மணி அடிச்சனீங்கள். ஊரே வந்து நிண்டது. அண்டைக்கு என்னைப் பாக்கலாம் எண்டால், இண்டைக்கும் பாக்கலாம்."

எங்கள் பங்குத்தந்தை இளம் ஆள். மேசையில் திகதி பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்: "சனிக்கிழமை பத்து மணிக்குப் பூசை. மணிக் கயிறு இழுக்க ஆளில்லையெண்டால் நான் வந்து இழுக்கிறன்."

ஞாயிறு பூசையில் கலியாண அறிவித்தலாக எங்கள் பெயர்களை வாசித்தபோது முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் அவர்களைப் பார்த்தேன். முதலில் பார்வையை எடுத்தது நான் அல்ல.

பிறகு ஏற்பாடுகள் தொடங்கின. அட்டை அச்சடிக்கவில்லை. பள்ளி விட்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடுவீடாகப் போய் வாயால் சொன்னேன். சிலர் கதிரை போட்டுத் தேத்தண்ணி தந்தார்கள். சில வீடுகளில் உள்ளே கதைச் சத்தம் கேட்டது, கூப்பிட்டால் ஒருவரும் வரவில்லை. படலையில் நின்று, உள்ளே கேட்கிற மாதிரி உரக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

மாப்பிள்ளை இரண்டு மாட்டை விற்றுத் தாலிக்கொடி செய்கிறேன் என்றார்.

"மாடு பால் தரும். கொடி என்ன தரும்?" என்று கேட்டேன். "ஒரு சின்னத் தாலி, மஞ்சள் கயிறு. அது காணும்."

"சனம் கதைக்கும்."

"அது கொடி போட்டாலும் கதைக்கும். அதுக்கு ஏன் மாட்டை விக்கவேணும்?"

சாப்பாட்டில்தான் பெரிய சண்டை வந்தது. எங்கள் பக்கத்தில் கலியாணம் என்றால் ஆட்டிறைச்சி, இல்லாவிட்டால் யாழ்ப்பாணத்தில் இருந்து பெட்டியில் வருகிற புரியாணி. நான் மீன் என்றேன்.

"கலியாண வீட்டில மீனோ? ஒவ்வொருநாளும் தின்னுற மீனை வடிவா உடுத்துக்கொண்டு வந்து தின்னுறதோ?" என்றாள் அக்கா.

"ஒவ்வொருநாளும் நாங்கள் தின்னுறது விக்காமல் மிஞ்சின மீன். பெரிய பாரை எப்ப திண்டனீங்கள்? கரையில ஏத்தின உடனே கொழும்புக்குப் போயிடும். ஒருநாளைக்கு எங்கட மீனை நாங்கள் தின்னுவம்."

இதை என் முன்பள்ளிப் பிள்ளைகளின் தகப்பன்மாரிடம் போய்ச் சொன்னேன். அவர்களில் பலர் தொழிலுக்குப் போகிறவர்கள். ஒருவர் சிரித்துவிட்டு, "ரீச்சர், கலியாணத்துக்கு முதல் நாள் பிடிக்கிறதில பெரிசு எல்லாம் உங்களுக்கு" என்றார். சொன்னபடி செய்தார்கள். அரிசியும் தேங்காயும் எண்ணெயும் நான் வாங்கினேன். சோறு அவிக்கிற கிடாரங்களைக் கோயிலில் இருந்து எடுத்தோம். வலை மூடுகிற தறப்பாள்களைக் கழுவிக் காயவைத்து முற்றத்தில் பந்தல் போட்டோம். வாடகைக் கதிரைக்குச் சட்டை போட்டுப் பின்னால் பூமுடிச்சு வைக்கிறார்களே, அது நமக்குக் கட்டாது. முன்பள்ளியின் பிளாஸ்டிக் கதிரைகளைத் துடைத்துக் கொண்டுவந்து போட்டேன். சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகப் பந்தலுக்கு வேறு சோடனையே தேவைப்படவில்லை.

சோளகக் காற்று கிளம்பிய மாதம் அது. வெள்ளிக்கிழமையே வந்து நிற்க வேண்டிய மாப்பிள்ளை, மாடு ஒன்று கன்று போடப்போகிறது, விட்டுவிட்டு வர ஏலாது என்று நின்றுவிட்டார். "மாடு பெரிசோ, பொம்பிளை பெரிசோ?" என்று அக்கா கேட்டாள். "மாட்டுக்குத்தான் நோகுது, எனக்கில்லை" என்றேன்.

சனிக்கிழமை காலை காற்று தறப்பாளைத் தூக்கித் தூக்கி அடித்தது. கோயில் மணி அடித்தது. மூப்பர்தான் அடித்தார். நான் கிறீம் நிறச் சேலையில், தலையில் ஒரு சரம் மல்லிகையோடு கோயில் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஃபோன் வந்தது.

"படகு விடமாட்டினமாம்" என்றார் அவர். பின்னால் காற்றின் இரைச்சல். "எல்லாரும் துறையிலதான் நிக்கிறம். என்ர கூட்டாளின்ர சின்ன வள்ளம் ஒண்டு நிக்குது. அதில வெளிக்கிடட்டோ?"

கோயில் வாசலில் இருந்து பார்த்தால் கடல் தெரியாது. ஆனால் எனக்குத் தெரிந்தது.

"வேண்டாம்."

"சனம் கோயிலுக்கு வந்திருக்குமே."

"சனம் இருக்கட்டும். படகு விட்டாப் பிறகு, படகில வாங்கோ. வள்ளத்தில வந்தியளெண்டால் நான் உங்களைக் கட்டமாட்டன். சத்தியமாச் சொல்லுறன்."

"சரி. நிக்கிறன்" என்றார்.

உள்ளே போய்ப் பங்குத்தந்தையிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு முன்வரிசையில் இருந்தேன். பத்தரை ஆனது. பதினொன்றும் ஆனது. பிள்ளைகள் சிணுங்கத் தொடங்கின. பின்வரிசைகளில் குசுகுசு என்று கதை. அதில் ஒரு குரல் மெதுவாகப் பேச மறந்துவிட்டது: "கடல் ஒருக்காச் சொல்லிப்போட்டுது. இப்ப ரெண்டாந்தரமும் சொல்லுது."

அக்கா வந்து என் தோளைப் பிடித்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. "வீட்ட வா. பேந்தொருநாள், விடியக்காலமையா, ஆக்களில்லாமல் செய்வம். எழும்பு."

அவள் என்மேல் உள்ள இரக்கத்தில்தான் சொன்னாள். அந்த இரக்கம்தான் என்னை எழுப்பியது. எழும்பி, சனத்தைப் பார்த்துத் திரும்பினேன். முன்பள்ளியில் பிள்ளைகளைக் கூப்பிடுகிற குரல் எனக்கு இருக்கிறது. அது நன்றாகத்தான் வந்தது.

"கடல் ஒண்டும் சொல்லேல்லை. காத்தடிக்குது, அவ்வளவுதான். படகு விட்டவுடன அவர் வருவார். ஒருத்தரும் வீட்ட போகவேண்டாம். சோறு வெந்திட்டுது, மீன் பொரிச்சுக் கிடக்கு. முதல்ல எல்லாரும் வந்து சாப்பிடுங்கோ. கலியாணம் பேந்து."

"தாலி கட்ட முதல் பந்தியோ? உனக்கென்ன விசரே?" என்றாள் அக்கா.

"தாலி பழுதாகாது அக்கா. மீன் பழுதாகும்."

பின்னால் ஒரு மீனவர் சிரித்துவிட்டார். அவர் பிடித்த மீன் அது. அவர் எழும்ப, அவர் மனைவி எழும்ப, ஒவ்வொருவராக எழும்பினார்கள். சிலர் கோயில் வாசலில் இருந்தே தங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிப் போனார்கள். நான் அவர்களைக் கூப்பிடவில்லை. மிச்சச் சனம் என் பின்னால் வந்தது. மணப்பெண் முன்னே, விருந்தினர் பின்னே, மாப்பிள்ளை இல்லாத ஊர்வலம். காற்றில் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பதே ஒரு வேலையாக இருந்தது.

பெரிய பெரிய ஆம்பிளைகள் பிள்ளைகளின் கதிரையில் முழங்கால் நாடியில் முட்ட இருந்து சாப்பிட்டார்கள். சோறு, பாரை மீன் குழம்பு, பொரியல், இறால் பிரட்டல், கத்தரிக்காய்ப் பால்கறி. நானே அகப்பையை எடுத்துக்கொண்டு பரிமாறத் தொடங்கினேன். இரண்டாவது ஆளுக்கு ஊற்றும்போது மகள் வந்து என் கையில் இருந்து அகப்பையைப் பிடுங்கினாள்.

"சாறியில குழம்பு படப்போகுது. போய் இருங்கோ அம்மா."

அதன் பிறகு பந்தியை அவள்தான் நடத்தினாள். ஒரு கிழவர், "மாப்பிள்ளை இல்லாமல் கலியாணச் சாப்பாடு சாப்பிடுறது இதுதான் முதல்தரம்" என்று கேலியாகச் சொன்னார். "அம்மாதான் அவரை நிக்கச் சொன்னவ. காத்துக்குள்ள வரவேண்டாமெண்டு. உங்களுக்கு இன்னொரு துண்டு மீன் வைக்கட்டோ?" என்றாள். அந்தக் குரலில் ஒரு சூடு இருந்தது. கிழவர் தட்டை நீட்டினார்.

பங்குத்தந்தையும் இருந்து சாப்பிட்டார். "பூசைக்கு ஒரு மணித்தியாலம் முன்னம் சாப்பாட்டை நிப்பாட்டினால் காணும்" என்று சொல்லிவிட்டு, மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து இறால் பிரட்டலைக் கேட்டு வாங்கினார். அக்கா மட்டும் குசினிக்குள் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டே நின்றாள். ஒரு வாய் சாப்பிடவில்லை.

மதியம் கழிய ஃபோன் வந்தது. காற்று தணிந்து, படகு விட்டுவிட்டார்கள். அவர் குறிகட்டுவான் துறையில் இறங்கி, வேனில் வந்து சேர்ந்தபோது பந்தலில் எல்லாரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். தங்கைமார் மூவரும் கடல் ஆட்டத்தில் வாந்தியெடுத்துக் களைத்துப்போய் இறங்கினார்கள். அவருடைய வெள்ளைச் சேர்ட்டில் உப்புத் தண்ணீர் காய்ந்து கோடு கோடாக நின்றது. இரண்டு கையாலும் ஒரு பெரிய தயிர்ச் சட்டியை அணைத்துப் பிடித்திருந்தார். அதில் ஒரு துளி சிந்தவில்லை.

"மாடு கண்டு போட்டிட்டுதோ?" என்று கேட்டேன்.

"ஓம். ஆண் கண்டு, நாம்பன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீர் இன்னும் போகேல்லை" என்றார்.

"நான் எங்க போறது? இது என்ர வீடு."

மூப்பர் பக்கத்தில் வந்து தொண்டையைச் செருமினார். "திரும்ப மணி அடிக்கிறதோ பிள்ளை?"

"அடியுங்கோ மாமா."

மணியே கூடாது என்ற கலியாணத்துக்கு அன்று இரண்டு தரம் மணி அடித்தது. அந்தச் சத்தம் கேட்டு, காலையில் திரும்பிப் போனவர்களில் சிலரும் என்ன நடக்கிறது என்று பார்க்க வந்துவிட்டார்கள். வயிறு நிறைந்த சனம் கோயில் கொள்ளாமல் நிற்க, வெறும் வயிற்றோடு நின்ற மாப்பிள்ளை என் கழுத்தில் மஞ்சள் கயிற்றைக் கட்டினார். தயிர் சுமந்து வந்த கை மரத்துப்போய், முடிச்சு முதலில் வழுக்கியது. "ஆறுதலாக் கட்டுங்கோ" என்றேன். பங்குத்தந்தை சிரித்துவிட்டார். மகள் இரண்டாம் வரிசையில், ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தபடி நின்றாள்.

பூசை முடிந்து வந்து எல்லாருக்கும் தயிரும் பனங்கட்டியும் கொடுத்தோம். மாப்பிள்ளை வீட்டாருக்கு எடுத்து வைத்திருந்த மீனும் சோறும் ஆறிப்போயிருந்தன. ஒருவரும் குறை சொல்லவில்லை, பசி அப்படி.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று நான் சொல்லமாட்டேன். என் முதல் கணவரின் வீட்டார் வரவில்லை. அக்கா அதன் பிறகு ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. இப்போது கதைக்கிறாள், அந்த நாளைத் தவிர மற்ற எல்லாவற்றையும். யாரோ எடுத்துப் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு அண்ணை கூப்பிட்டார். "உலகத்துக்கே தெரிஞ்சு போச்சு" என்றார். "நல்லது அண்ணை, இனி நான் வீடுவீடாச் சொல்லத் தேவையில்லை" என்றேன். மகள் என் மனுசனை இன்னமும் ஒரு பெயரும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "சாப்பிட வரச் சொல்லுங்கோ" என்று என்னிடம்தான் சொல்லுவாள். ஆனால் அவருக்கு மீன் தலை பிடிக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அதை எடுத்து வைக்கிறாள்.

கலியாணம் முடிந்து அடுத்த கிழமை அவருடைய வீட்டைப் பார்க்க நெடுந்தீவுக்குப் போனோம். படகு நிறையச் சனம். அவர் எனக்கு ஓரத்தில் இடம் பிடித்துத் தந்துவிட்டு, சாக்கு மூட்டைகளைப் பார்க்கப் பின்பக்கம் போனார். எனக்குப் பக்கத்தில் இருந்த மனுசி என் கழுத்துக் கயிற்றையும் என் தலையில் இருந்த நரையையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில் பொறுக்க முடியாமல் கேட்டாள்.

"உங்களோட வந்தவர் ஆர்? தமையனோ?"

"என்ர மனுசன்" என்றேன்.

எஞ்சின் இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை. காதில் கையை வைத்துக்கொண்டு, "என்ன?" என்றாள்.

"என்ர மனுசன்!" என்று கத்தினேன். "போன கிழமைதான் கட்டினனாங்கள்!"

படகில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மூட்டைகளுக்கு மேலே இருந்து அவரும் பார்த்தார். நான் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, அந்த மனுசிக்கு எங்கள் கலியாணச் சாப்பாட்டில் என்னென்ன கறி இருந்தது என்று சொல்லத் தொடங்கினேன்.